பேர் வெட்டிய டம்ளர்கள்

"அத்தே, இந்தக் கப்பு எம்புட்டு நேரம் உசுரோட இருந்துச்சு?"

பெர்லின் கேட்டது இவ்வளவுதான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடம் விடுமுறை; அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அத்தை ஜெபகனி அவளைத் தன்னோடு அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். எதிரே டீக்கடை வைத்திருக்கும் முகம்மது சுல்தான் பாய் பிள்ளைக்கென்று தனியாக ஆற்றிக் கொண்டுவந்த பாலைக் குடித்துவிட்டு, காகிதக் கப்பைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள் பெர்லின். போட்ட பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். காலையில் ஆபீஸ் முழுக்கக் குடித்துப் போட்ட கப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அஞ்சு நிமிசம் பாப்பா," என்றான் பக்கத்து மேசை கிங்ஸ்லி. "நம்ம ஆபீஸ்லயே ரொம்பக் கொறஞ்ச ஆயுசு அதுக்குத்தான். ஃபைலுக்கெல்லாம் நூறு வயசு."

எல்லாரும் சிரித்தார்கள். பெர்லின் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம்லா?" என்றாள்.

ஜெபகனியாலும் சிரிக்க முடியவில்லை. தாமிரபரணியிலிருந்து பிரியும் வாய்க்கால்களையும் அவை நிரப்பும் குளங்களையும் கவனிக்கும் அரசு அலுவலகம் அது. பாளையங்கோட்டையில் வேப்பமரங்களுக்கு நடுவே பழைய ஓட்டுக் கட்டடம். ஜெபகனி அங்கே கண்காணிப்பாளர். வாய்க்காலில் அடைத்துக்கொள்ளும் குப்பையை அள்ளுவதற்கு வருடந்தோறும் கோப்பு எழுதுகிறவள் அவள்தான். அந்தக் குப்பையில் தங்கள் கப்பும் கலந்து கிடக்கும் என்பது இத்தனை வருடமாக ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று யோசித்தாள். இரவு ஜெபத்தில் முழங்காலிட்டபோதும் அந்தப் பிள்ளையின் கேள்விதான் முன்னால் வந்து நின்றது.

அரசு அலுவலகங்கள் எல்லாம் பசுமை அலுவலகங்களாக மாற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை எப்போதோ வந்திருந்தது. வந்த வேகத்தில் கோப்புக்குள் போய்ப் படுத்துவிட்டது. ஜெபகனி மறுநாள் அதைத் தேடி எடுத்து, தூசி தட்டி, செயற்பொறியாளர் மகேஸ்வரன் முன்னால் வைத்தாள். மகேஸ்வரன் திருநெல்வேலி டவுன்காரர், வயதில் அவளைவிட இளையவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் ஆபீஸ் வாசல் மிதிக்காதவர்.

"நல்ல காரியம்லா மேடம். நீங்களே பொறுப்பா நின்னு செய்யுங்க. நான் குறுக்கே வரமாட்டேன்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்க வேண்டும். சாப்பாட்டு மிச்சத்துக்கும் இலைக்கும் பின்பக்கம் ஒரு உரக்குழி. ஆள் எழுந்து போனால் மின்விசிறியும் ஓய வேண்டும். இந்தக் கடைசி விதியை ஜெபகனி கொஞ்சம் கண்டிப்பாகவே பார்த்துக்கொண்டாள்.

"எக்கா, ஒண்ணுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள என் காத்தப் புடுங்கிட்டியளே!" என்று கிங்ஸ்லி வேர்வையோடு நிற்பான்.

"நீ போயிட்டு வாரதுக்குள்ள ஒரு கோயில் கொடைத் திருவிழாவே முடிஞ்சிரும்லே. உக்காரு, போட்டுவிடுதேன்."

கப்புக்கு அவள் கண்டுபிடித்த வழி எல்லாருக்கும் பிடித்திருந்தது. டவுன் ரத வீதிப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரை வெட்டி வைத்துவிட்டாள். கல்யாணச் சீருக்குப் பெயர் வெட்டுவதுபோல் கடைக்காரர் 'டர்ர்' என்று ஊசியை ஓட்ட, அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். மகேஸ்வரனின் டம்ளரில் மட்டும் பெயருக்குப் பின்னால் 'செ.பொ.' என்று பதவியும் இருந்தது. அது கூடப் போயிருந்த கிங்ஸ்லியின் வேலை. சுல்தான் பாய் பெரிய தூக்குவாளியில் டீ கொண்டுவருவார். ஆளுக்கொரு டம்ளர் நீளும். குடித்து முடித்ததும் டம்ளர்களைப் பின்கட்டுக் குழாயடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் பளபளவென்று மேசைக்கு மேசை திரும்பி வந்திருக்கும்.

எப்படித் திரும்பி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஜெபகனியும் கேட்கவில்லை.

கோடை பிறந்த சமயம் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். எல்லாத் துறைக்காரர்களும் வந்திருந்தார்கள். நேரில் ஆய்வு செய்து சிறந்த பசுமை அலுவலகத்துக்குச் சான்றிதழ் தரப்போவதாக அறிவித்தார்கள். உங்கள் அலுவலகத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது ஜெபகனி எழுந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஒரு சந்தோஷம். முடிவில், "எங்க ஆபீஸ்ல இனி ஒரு காகிதக் கப்புகூடப் பாக்க முடியாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆய்வுக்கு வருவாங்கல்லா, அப்பப் பாப்போம் மேடம்," என்று பின் வரிசையில் ஒருவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாக இருந்துவிட்டது. சொன்ன சொல் சபையில் நிற்க வேண்டும். அவளுக்கு அதுதான் பெரிது.

இந்த நிலையில்தான் அந்தக் கப்பு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் தொட்டிகளை எட்டிப் பார்ப்பது ஜெபகனிக்கு வழக்கமாகி இருந்தது. ஒருநாள் பின்கட்டுத் தொட்டியில் ஒரு காகிதக் கப்பு கிடந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரமும். ஒன்றே ஒன்றுதான், ஆனால் தவறாமல். எடுத்துப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. ஓரம் ஊறி உப்பி, அடி பிரிந்து, மழையில் நனைந்த அட்டைபோல் துவண்டு கிடந்தது.

முதல் சந்தேகம் கிங்ஸ்லிமேல்.

"சத்தியமா நான் இல்லக்கா. என் டம்ளர்ல டீ அரை இஞ்சு கூடப் பிடிக்கும். அத விட்டுட்டுக் கப்புல குடிக்க எனக்கென்ன கிறுக்கா?"

சுல்தான் பாயையும் விசாரித்தாள். அவருக்கு வருத்தமாகிவிட்டது. "நீங்க வேண்டாம்னு சொன்ன நாள்ல இருந்து நம்ம கடைக் கப்பு ஒண்ணு இந்த வாசப்படி ஏறல மேடம். அல்லா அறிய சொல்லுதேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு குடிக்கிறவனுக்குத்தான் கப்பு."

ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெபகனி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினாள்: 'காகிதக் கப்பு பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' மகேஸ்வரனிடமும் போய்ச் சொன்னாள்.

"யாருன்னு கண்டுபிடிங்க மேடம். மெமோ குடுத்துருவோம். தற்காலிக ஆளா இருந்தா நிப்பாட்டிருவோம்," என்றார் அவர்.

வெளியே தாழ்வாரத்தில் ஆவுடைத்தாய் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தக்காரர் அனுப்பிய தூய்மைப் பணியாளர். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, சாயங்காலம் எல்லாருக்கும் பின்னால் போகிறவள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் அவள் கையிலிருந்த மாப்பு ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. அறையை விட்டு வெளியே வந்த ஜெபகனி, ஈரத்தில் வழுக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள்.

ஆய்வுக்கு முந்தின நாள் மத்தியானம். உரக்குழியில் மண் மூடியிருக்கிறதா என்று பார்க்க ஜெபகனி பின்கட்டுக்குப் போனாள். குழாயடியில் ஆவுடைத்தாய் குந்தி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஆபீஸ் டம்ளர்கள் அத்தனையும். ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசி, கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசி டம்ளரையும் கவிழ்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சன்னல் திட்டில் எட்டி ஒரு காகிதக் கப்பை எடுத்தாள். தூக்குவாளியின் அடியில் ஆறிக் கிடந்த டீயைச் சாய்த்து அதில் ஊற்றினாள். நாலு மடக்கில் குடித்தாள். பிறகு அந்தக் கப்பையும் குழாயில் பையக் காட்டி, விரலை உள்ளே விட்டு நோகாமல் கழுவி, திட்டில் கவிழ்த்து வைத்தாள்.

திரும்பியவள் ஜெபகனியைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, மேல எழுதிராதீங்கம்மா."

ஜெபகனி திட்டில் கவிழ்ந்திருந்த கப்பையே பார்த்தாள்.

"தெனம் ஒண்ணு எடுக்கலம்மா. பாய் கடையில காலைல நான் குடிச்ச கப்பு. ஒண்ண வச்சு ஒரு வாரம் ஓட்டிருவேன். பிஞ்சு ஒழுகினாத்தான் போடுதது. நாளையில இருந்து அதுவும் வேண்டாம். நான் டீயே குடிக்கல."

"கப்பு எதுக்கு? இந்தா இத்தன டம்ளர் இருக்கே. ஒண்ணுல ஊத்திக் குடிச்சா என்ன?"

ஆவுடைத்தாய் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களைப் பார்த்தாள். "எல்லாத்துலயும் பேரு போட்ருக்கேம்மா," என்றாள். "யாரு பேரு போட்டதுல நான் குடிக்க?"

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெபகனி அதை அழுத்தி மூடினாள். கடைக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகத் தன் வாயால் சொன்னது நினைவுக்கு வந்தது. சம்பளம் வாங்குகிறவர்கள் பெயர் எல்லாம் சொன்னாள். பயிற்சிக்கு ஒரு மாதம் வந்து போன பெண்ணின் பெயரைக்கூடச் சொன்னாள். இந்தப் பெயர் வாயில் வரவே இல்லை.

"இதெல்லாம் கழுவச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலம்மா. இங்கன கொண்டாந்து வச்சாங்க. கழுவினேன்."

அப்போதுதான் அவள் கைகளை ஜெபகனி பார்த்தாள். விரல் இடுக்குகளில் சோப்புத்தூள் அரித்து, தோல் வெடித்து, சில இடங்களில் சிவந்து கிடந்தது.

ஜெபகனி தன் இருக்கைக்குத் திரும்பினாள். வெகுநேரம் ஒரு தாளையும் தொடவில்லை. வருஷா வருஷம் தேவாலயத்தில் அசன விருந்து நடக்கும்போது முந்தானையைச் செருகிக்கொண்டு பரிமாறுகிறவள் அவள். பணக்காரர், ஏழை, உள்ளூர், வெளியூர் என்று பாராமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுவதுதான் அசனம். ஒருவர் இலையில் குறைந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. அப்படிப்பட்டவள், தினமும் தான் மிதிக்கிற தரையைத் துடைக்கிறவளைப் பந்திக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவள் குடித்த கப்பைத் திருட்டுப்பொருள்போல் தேடி அலைந்திருக்கிறாள். நல்லது செய்கிறோம் என்ற சந்தோஷம் சில நேரம் கண்ணை நன்றாகவே மறைத்துவிடுகிறது.

அறிவிப்புப் பலகைக்குப் போய்த் தாளைக் கிழித்தாள்.

"என்னக்கா, ஆள் சிக்கிட்டானா?" என்றான் கிங்ஸ்லி ஆவலாக.

"சிக்கிட்டுலே."

"யாரு?"

"நான்தான்."

கிங்ஸ்லி இதற்குப் பதில் வேடிக்கை ஒன்றைத் தேடினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினான்.

மறுநாள் காலையில் ஆய்வுக்கு வந்தவர் சித்ரலேகா என்ற அதிகாரி. சிரித்த முகம், கூர்மையான கண். உரக்குழியைப் பார்த்தார், விசிறிகளைப் பார்த்தார், இரண்டு பக்கமும் அச்சடித்த தாள்களைப் புரட்டினார். எல்லாம் திருப்தி. கடைசியாகப் புன்னகையோடு கேட்டார்: "காகிதக் கப்பே கிடையாதுன்னு கூட்டத்துல சொன்னீங்களே மேடம். அது எப்படி இருக்கு?"

பின்கட்டுத் திட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஒண்ணு இருக்கு," என்றாள் ஜெபகனி.

மகேஸ்வரன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எல்லாருக்கும் டம்ளர் வாங்கினேன். எங்க ஆபீஸத் தூத்துப் பெருக்குறவங்களுக்கு வாங்க மறந்துட்டேன். அவங்க ஒரு கப்பக் கழுவிக் கழுவிக் குடிச்சிருக்காங்க. போதாததுக்கு எங்க எல்லாரு டம்ளரையும் அவங்க தலையில கட்டிட்டோம். தப்பு என்னோடது. அவங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது சார்." கடைசி வாக்கியத்தை மகேஸ்வரனைப் பார்த்துச் சொன்னாள்.

சித்ரலேகா பேனா மூடியைக் கழற்றினார். பிறகு, "இருக்குன்னுதான் நான் எழுதியாகணும் மேடம்," என்றார்.

"எழுதுங்க."

சான்றிதழ் அந்த வருடம் வேறு அலுவலகத்துக்குப் போயிற்று. கிங்ஸ்லிக்கு ஆறவில்லை. "ஒரு கப்பு! ஒரே ஒரு கப்பு! அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடாக்கா நீங்க?" என்று ஒரு வாரம் புலம்பினான்.

ஆய்வுக்கு மறுநாள் டீ குடித்து முடித்ததும் மகேஸ்வரன் தன் 'செ.பொ.' டம்ளரை எடுத்துக்கொண்டு அவரே குழாயடிக்கு நடந்தார். தேய்க்கத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு கழுவினார். அதற்குப் பிறகு யாருக்கும் தன் டம்ளரை அடுத்தவரிடம் நீட்ட வாய் வரவில்லை. குழாயடியில் வரிசை நின்றது.

"வீட்டுல கழுவுனது போதாதுன்னு இங்கனயுமா!" என்றான் கிங்ஸ்லி.

"நீ வீட்டுல கழுவுன கதைய உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வாரேன் இரு," என்றாள் ஜெபகனி. வரிசையே சிரித்தது.

அந்தச் சனிக்கிழமையே ரத வீதிக்குப் போய் ஒரு டம்ளர் வாங்கினாள். 'ஆவுடைத்தாய்' என்று முழுப் பெயராக வெட்டச் சொன்னாள். திங்கட்கிழமை அதைக் கொடுத்தபோது ஆவுடைத்தாய் எழுத்துகளின்மேல் கட்டைவிரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து, சுல்தான் பாய் ஆவி பறக்க ஊற்றிய டீயை அதில் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காலையில் அந்த டம்ளரைக் காணோம்.

"பசுமை ஆபீஸ்ல களவாணியா?" என்று கிங்ஸ்லி துள்ளி எழுந்தான்.

"நான்தான் சார் கொண்டு போனேன்," என்று சேலைத் தலைப்புக்குள்ளிருந்து அதை எடுத்தாள் ஆவுடைத்தாய். வெட்கமாகச் சிரித்தாள். "மகளுக்குக் காட்டணும்னு இருந்துச்சு. எங்க வீட்டுப் பாத்திரம் எல்லாத்துலயும் அவுக அப்பா பேருதான் இருக்கும்."

ஜெபகனிக்கு மனசு நிறைந்தது. ஆனால் கணக்கு நேராகிவிட்டதாக அவளால் நினைக்க முடியவில்லை. டம்ளர் கொடுத்தது கடனைத் தீர்த்தது ஆகாது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதைத் தாமதமாகச் செய்ததுதான் அது. அத்தனை மாதம் கேட்காமலே வாங்கிக்கொண்ட உழைப்பு அப்படியே பாக்கி நின்றது. ஒருநாள் குழாயடியில் வைத்து, "என்ன மன்னிச்சிருங்க ஆவுடையக்கா," என்று சொல்லியும் பார்த்தாள். ஆவுடைத்தாய் பதறி, "எதுக்கும்மா பெரிய வார்த்தையெல்லாம்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாக்கி முடியவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஜில்லாவே திரண்டு போகிற நாள். முந்தின நாள் ஆவுடைத்தாய் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அம்மா, நாளைக்கு ஒருநாள் மகளோட போயி அய்யனாரப் பாத்துட்டு வந்துருதேன். மாத்தாள் அனுப்ப மாட்டோம்னு ஒப்பந்தக்காரர் சொல்லிட்டாரு. வந்து ரெண்டு நாள் வேலயையும் சேத்துப் பாத்துக்கிடுதேன்."

"சந்தோசமாப் போயிட்டு வாங்க. பிளாஸ்டிக்கு ஒண்ணும் கொண்டு போயிராதீங்க. மலையடிவாரத்துலயே வாங்கி வச்சிருவாங்களாம்."

"நம்ம ஆபீஸ்ல வேலை பாத்துட்டு அது தெரியாதாம்மா?" என்று சிரித்துக்கொண்டே போனாள் ஆவுடைத்தாய்.

அமாவாசையன்று பாதிப் பேர் விடுப்பு. வந்தவர்களும், மனு கொண்டுவந்த விவசாயிகளும் மிதித்த மிதியில் தரை முழுக்க வயல் சேறு. கழிப்பறைப் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் போக முடியவில்லை. ஆபீஸ் நேரம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

"நீங்க வரலையாக்கா?" என்று கிங்ஸ்லி வண்டியை உதைத்தான்.

"கொஞ்சம் வேலை பாக்கி கிடக்கு. நீ போ. சாவி என்கிட்டதான இருக்கு."

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. வெயில் இன்னும் வேப்பமரத்துமேல் மிச்சமிருந்தது. ஜெபகனி வாசல் கதவை உள்ளே தாழிட்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். துடைப்பத்தை எடுத்துக் கடைசி அறையிலிருந்து கூட்டத் தொடங்கினாள்.

கூட்டி முடித்து, வாளியில் தண்ணீர் பிடித்துத் துடைத்தாள். தாழ்வாரம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சேறு ஒரு துடைப்பில் போகவில்லை. மறுபடி முழங்காலிட்டுக் கையாலேயே தேய்த்தாள். பிறகு கழிப்பறைக்குப் போனாள். நாற்றத்தில் நிற்க முடியவில்லை. கொஞ்ச நேரம் வெளியே வந்து நின்று மூச்சு வாங்கினாள். திரும்ப உள்ளே போய், மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, வெள்ளை தெரிகிறவரை தண்ணீர் ஊற்றினாள். ஆவுடைத்தாய் இதைத் தினமும் செய்கிறாள் என்று நினைத்தபோது, குனிந்த நிலையிலேயே அவள் உதடுகள் அந்தப் பெண்ணுக்காகவும் அவள் மகளுக்காகவும் ஜெபித்தன. காட்டுக்குள்ளிருந்து அவர்கள் இறங்கி வருகிற வழி பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

நாளைக்கு ஆவுடைத்தாய் வந்து பார்ப்பாள். ஒப்பந்தக்காரருக்கு இரக்கம் வந்து யாரையோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்ளட்டும்.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகளை முழங்கைவரை கழுவி, கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஈரத் தரையில் பதியும் தன் கால் தடத்தை மாப்பால் துடைத்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வாசலுக்கு வந்து, மாப்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கதவைப் பூட்டினாள்.